பட்டினியா நடிப்பைக் கற்றுத் தந்தது?

தமிழ் நடிகர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினால் கதை பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். வீட்டில் வறுமை, விவரம் தெரியாத வயதில் நாடகக் கம்பெனி, அங்கே அடியும் அரைவயிற்றுச் சோறும், அப்புறம் சினிமா, அதன்பின் புகழ். எம்.ஜி.ஆர். ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘நான் ஏன் பிறந்தேன்’, டி.எஸ். நாராயணசுவாமி தொகுத்த சிவாஜி கணேசனின் ‘எனது சுயசரிதை’, அவ்வை டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ ஆகிய மூன்றிலும் இந்தத் தடத்தைப் பார்க்கலாம். படித்து முடிக்கிறவர் மனத்தில் தங்குவது, பசியும் பட்டினியும்தான் இவர்களைப் புடம் போட்டுப் பெரிய நடிகர்களாக்கின என்ற எண்ணம். இன்றைக்கும் ஒரு புதுமுகம் பேட்டி கொடுத்தால், எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தீர்கள் என்பது கேள்விகளில் ஒன்றாக வந்துவிடுகிறது. ஆனால் இந்த எண்ணத்தை அந்தப் புத்தகங்களே மறுக்கின்றன. அவற்றில் நடிப்பைக் கற்றுத் தந்ததாக வருபவை வாத்தியாரும் ஒத்திகையும் இரவுதோறும் ஏறிய மேடையும்தான். பசி, அந்தப் பயிற்சிக்காகப் பிள்ளைகளிடம் வசூலிக்கப்பட்ட விலை. விலையைச் சரக்கென்று எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது.

சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தும் பாய்ஸ் கம்பெனிகள் ஏன் தோன்றின என்பதிலிருந்தே இதைத் தொடங்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெஷல் நாடகம் செழித்திருந்தது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஏஜெண்டு மூலம் ஒப்பந்தமாகி, குறித்த நாளில் ஓர் ஊரில் கூடி, ஒத்திகை இல்லாமலே மேடை ஏறுவார்கள். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ, கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் மேடையில் போட்டிப் பாட்டும் வாதப் பேச்சும் மிஞ்சி, கதை பாதியில் நின்றுவிடும். எழுதிய பாடத்தை மதிக்காத இந்தப் போக்கு, நாடக ஆசிரியரான சங்கரதாஸ் சுவாமிகளுக்குப் பொறுக்கவில்லை. சொன்னபடி பாடம் கேட்டு, சொன்னபடி பேசுகிற பிள்ளைகளைக் கொண்டு நாடகம் நடத்தலாம் என்று அவர் திரும்பினார். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அப்போது சண்முகத்துக்கு ஆறு வயது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக எழுந்த அமைப்பல்ல இது. வறுமை பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தது உண்மை. ஆனால் கம்பெனி பிறந்தது ஒழுங்கான நடிப்பு வேண்டும் என்ற தேவையால்.

அந்த ஒழுங்கு எப்படி ஊட்டப்பட்டது? வாத்தியார் பாடம் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். வசனம் மட்டுமல்லாமல் பாட்டு, நடை, நிற்கும் இடம் எல்லாமே பாடம். தன் வேஷத்தோடு நின்றுவிடாமல் மற்றவர் வேஷத்தையும் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றிரவே அந்த இடத்தில் இன்னொருவன் நின்றாக வேண்டும். ஒலிபெருக்கி பரவாத காலம். கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்காரருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டால்தான் நாடகம் பிழைக்கும். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த சிவாஜி, ராமாயணத்தில் சீதையாகத் தொடங்கி, பரதன், சூர்ப்பணகை, இந்திரஜித் என்று ஒரே கதைக்குள் வேஷம் மாறி மாறி வளர்ந்தார். 1964-ல் வந்த ‘நவராத்திரி’யில் அவர் ஒன்பது வேடங்கள் போட்டதை அதிசயமாகப் பேசுகிறோம். அதற்கான பழக்கம் கால் நூற்றாண்டுக்கு முன்பே அவர் உடம்பில் ஏறியிருந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் காளி என். ரத்தினத்திடம் பாடம் கேட்ட எம்.ஜி.ஆரும் இதே பள்ளியின் பிள்ளைதான். முப்பது வயதையொட்டி அவ்வைப் பாட்டியாக வேஷமிட்டு, அந்தப் பெயரையே அடைமொழியாகப் பெற்ற சண்முகமும் அப்படித்தான். ஒரு தவற்றை மறுநாள் இரவே அதே காட்சியில் திருத்திப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. எந்தக் கலைக்கும் இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

பசியும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ்தானே இருந்தன, எது கற்றுக்கொடுத்தது என்று எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பசி இல்லாமல் பயிற்சி மட்டும் இருந்த ஓர் இடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை அப்படிப்பட்ட இடம். அவர் வக்கீலாக இருந்து நீதிபதியானவர். சபையில் சேர்ந்தவர்களும் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள குடும்பத்தவர்கள். சத்தியமூர்த்தி, ஆர்.கே. சண்முகம் செட்டியார் போன்றவர்கள்கூட அங்கே வேஷம் கட்டியிருக்கிறார்கள். சம்பந்த முதலியாருக்கு ஜோடியாகப் பெண் வேடங்களில் புகழ்பெற்ற ரங்கவடிவேலுவும் வக்கீல்தான். இவர்களில் யாரும் சோற்றுக்காக மேடைக்கு வரவில்லை. ஆனால் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ நெடுகிலும் ஒத்திகை, நேரந்தவறாமை, பாடம் சுத்தமாக இருப்பது, வேடப் பொருத்தம் இவற்றைப் பற்றித்தான் பேச்சு. நடிப்பில் தேர்ச்சி பெறும் வழியைச் சொல்லவே தனியாக ஒரு நூலும் எழுதினார். மேடையிலேறுவதையே இழிவாகக் கருதிய சமூகத்தில் நாடகத்துக்கு மதிப்புத் தேடித்தந்த சபை அது. அவருடைய ‘மனோகரா’ பின்னாளில் தொழில்முறைக் கம்பெனிகளின் மேடைக்கும் போயிற்று. 1954-ல் சிவாஜி நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. வயிறு நிறைந்தவர்களின் மேடையையும் காய்ந்தவர்களின் மேடையையும் ஒப்பிட்டால், இரண்டிலும் பொதுவாக மிஞ்சுவது இடைவிடாத பயிற்சி ஒன்றே. எதிர்ப்பக்கச் சோதனையும் எளிது. அந்நாளில் தமிழ்நாட்டில் பசித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பசியே ஆசான் என்றால் ஊருக்கு ஒரு சிவாஜி எழுந்திருக்க வேண்டும்.

அப்படியானால் பயிற்சி பெற்ற பிள்ளைகள் எல்லோரும் ஏன் சிவாஜி ஆகவில்லை, பிறவித் திறமை என்று ஒன்று இல்லையா என்ற மறுப்பு அடுத்து வரும். இருக்கிறது. பயிற்சி எல்லோரையும் உச்சிக்கு ஏற்றிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது தரையை உயர்த்துகிறது. ஐம்பதுகளின் தமிழ்ப் படங்களில் துணைப் பாத்திரங்களைக் கவனித்தால் இது புரியும். நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியிலிருந்து எம்.என். நம்பியார், டி.கே.எஸ். குழுவிலிருந்து என்.எஸ். கிருஷ்ணனும் எஸ்.வி. சகஸ்ரநாமமும், பொன்னுசாமிப் பிள்ளையிடமிருந்து கே.ஏ. தங்கவேலுவும் காகா ராதாகிருஷ்ணனும் வந்தார்கள். இரண்டே காட்சியில் வந்தாலும் இவர்கள் உச்சரிப்பில் பிசிறு இருக்காது, கை எங்கே வைப்பதென்ற தடுமாற்றம் இருக்காது. ஒரு தலைமுறையின் சராசரியே உயர்ந்திருந்தால் அதற்குக் காரணத்தைத் தனி மனித மேதைமையில் தேடுவதைவிட, அவர்களை வார்த்தெடுத்த அமைப்பில் தேடுவதுதான் பொருத்தம். பயிற்சிக்குப் பிறகும் வாய்ப்பு உடனே வந்துவிடவில்லை. எம்.ஜி.ஆரின் முதல் படம் ‘சதி லீலாவதி’ 1936-ல் வந்தது; ‘ராஜகுமாரி’யில் அவர் கதாநாயகனானது 1947-ல். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளும் சிறு வேடங்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்கக் கையில் ஒரு தொழில் இருந்தது என்பதே முக்கியம்.

சுயசரிதைகளை நம்பித்தான் இதையெல்லாம் சொல்ல முடியுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. புகழ் வந்த பிறகு, வயதான பின், சில வேளை இன்னொருவர் துணையோடு எழுதப்பட்டவை அவை. தன்னைப் பற்றி எழுதுகிறவர் தன் பக்கத்து நியாயத்தையே எழுதுவார். நண்பர், பகைவர், அரசியல், முதல் வெற்றி போன்ற பகுதிகளில் இந்த எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். ஆனால் பாடம் எப்படிச் சொல்லித்தரப்பட்டது, வாத்தியார் எதற்குக் கோபித்தார் போன்றவற்றைத் திரித்துச் சொல்வதால் யாருக்கும் லாபமில்லை. மேலும், தொழிலிலும் அரசியலிலும் எதிரெதிர் முனைகளில் நின்ற எம்.ஜி.ஆரும் சிவாஜியும் கம்பெனி வாழ்க்கையைச் சொல்லும்போது கிட்டத்தட்ட ஒரே சித்திரத்தைத் தருகிறார்கள். அதோடு சண்முகத்தின் விரிவான பதிவும் ஒத்துப்போகிறது. இப்படிப் பொருந்தும் இடங்களை நம்பலாம்.

இந்த நூல்களின் பெரிய குறை அவை சொன்னதில் இல்லை, சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. புத்தகம் எழுதியவர்கள் கரையேறியவர்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பாட்டு போய், வேஷமும் போய், ஊருக்குத் திரும்பிய பையன்கள் எதையும் எழுதவில்லை. அவர்களும் அதே அடியை வாங்கினார்கள், அதே சோற்றை உண்டார்கள். கஷ்டம் கைவிடாது என்ற தத்துவம் அவர்களிடம் பொய்த்துப்போனது. பெண்களின் குரல் இன்னும் அரிது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்திப் பெரும்புகழ் பெற்றவர். ஆனாலும் சண்முகம் எழுதியதைப்போல் அவர் கையால் எழுதிய ஒரு பெரும் பதிவு நமக்கு வாய்க்கவில்லை. மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005-ல் வெளியிட்ட நூல், மேடையேறும் பெண்கள்மீது சமூகம் சுமத்தும் களங்கத்தை விரிவாகக் காட்டுகிறது. ராஜபார்ட்டுக்குக் கஷ்டம் பின்னாளில் பெருமைக்குரிய கதையாயிற்று. ஸ்திரீபார்ட்டுக்கு அது மறைக்க வேண்டிய சங்கதியாகவே இருந்தது. துன்பத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் ஓர் அந்தஸ்து தேவைப்படுகிறது.

கம்பெனிப் பயிற்சி மிகை நடிப்பைத்தானே தந்தது, காமிராவுக்கு அது எதற்கு என்போரும் உண்டு. கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரலும் தூரத்துக்குத் தெரியப் பழகிய முகபாவமும் குளோசப்பில் அளவு மீறித் தெரிவது உண்மைதான். ஆனால் கூட்டத் தெரிந்தவருக்குக் குறைக்கவும் தெரியும். 1985-ல் பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’யில் சிவாஜி அடக்கி நடித்ததைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ரயில்வே வேலையிலிருந்து வந்த நாகேஷுக்கும் பட்டறை மேடைதான்; அமெச்சூர் நாடகங்களும் கே. பாலசந்தரின் ‘சர்வர் சுந்தர’மும் அவரைத் திரைக்குத் தயார்செய்தன. பாணி காலத்துக்கேற்ப மாறும். உடம்பும் குரலும் நினைத்தபடி கேட்க வேண்டும் என்ற தேவை மாறுவதில்லை.

சினிமா வளர்ந்து கொட்டகைகளையும் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டதும் பாய்ஸ் கம்பெனிகள் மறைந்தன. அவை அப்படியே திரும்ப வேண்டும் என்று யாரும் விரும்ப முடியாது. படிக்க வேண்டிய வயதுப் பிள்ளைகளின் உழைப்பில் நின்றவை அவை. அவற்றோடு பயிற்சியும் போனதுதான் இழப்பு. 1977-ல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை அந்த இழப்பின் ஒரு பகுதியை ஈடுகட்டியது. பசுபதியும் குரு சோமசுந்தரமும் அங்கே ஆண்டுக்கணக்கில் உழைத்துத்தான் தேர்ந்தார்கள். ஆனால் இத்தகைய இடங்கள் சில. வாய்ப்புத் தேடிக் கோடம்பாக்கம் வருபவர்களோ ஏராளம். ‘கஷ்டப்பட்டால்தான் நடிகனாகலாம்’ என்ற பழைய நம்பிக்கை இவர்களை நேரடியாகப் பாதிக்கிறது. சம்பளமில்லாமல் வேலை வாங்குவதற்கும், சாப்பாட்டைக்கூடத் தட்டிக்கழிப்பதற்கும், எல்லாம் அனுபவம்தானே என்று சமாதானம் சொல்வதற்கும் அது வசதியான சாக்கு. வேலையில்லாமல் காத்துக்கிடப்பதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பையனுக்குச் சோறு குறைந்தாலும் இரவில் மேடை இருந்தது. இன்றைக்குக் காத்துக்கிடப்பவருக்கு அந்த மேடையும் இல்லை. மூத்த நடிகர்களின் நூல்களிலிருந்து திரைத்துறை எதையாவது எடுத்துக்கொள்ள விரும்பினால், பசியை விட்டுவிட்டு ஒத்திகையை எடுத்துக்கொள்ளட்டும்: படப்பிடிப்புக்கு முன் ஊதியத்தோடு ஒத்திகை நாட்கள், மாவட்டந்தோறும் நாடகப் பயிற்சிக்கு ஓர் இடம், சிறு வேடக்காரருக்கும் நாள் முடிவில் கூலி. சுகுண விலாச சபைக்காரர்கள் வயிறார உண்டுவிட்டுத்தான் ஒத்திகைக்கு வந்தார்கள். அதனால் அவர்கள் நடிப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.