கோடு பின்னால், துணி முன்னால்

தையல் கடையில் நாம் பார்க்கும் இயந்திரம் ஓரிடத்தில் நிற்கும். துணிதான் ஊசிக்கு அடியில் நகரும். அமெரிக்காவில் குவில்ட் போர்வைகளைத் தைக்கும் ‘லாங் ஆர்ம்’ இயந்திரத்தில் இது தலைகீழ். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்று அடுக்குகளும் பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தின் உருளைகளில் விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். இயந்திரம்தான் சக்கரங்களின் மேல் இடமும் வலமும், முன்னும் பின்னும் ஓடும். தைப்பவர் கைப்பிடியைப் பிடித்து அதை ஓட்டுகிறார். மனம்போன போக்கில் பூவும் கொடியும் தைக்க வேண்டுமென்றால் ஊசி இருக்கும் முன்பக்கம் நிற்பார். போர்வை முழுவதும் ஒரே அலங்காரம் வரிவரியாக வர வேண்டுமென்றால் பின்பக்கம் போய்விடுவார். அங்கே மேசைமீது ‘பேன்டோகிராஃப்’ எனப்படும் நீளமான காகிதச் சுருள் விரிந்திருக்கும். இயந்திரத்தில் பொருத்திய லேசர் ஒளிப்புள்ளி அந்தக் காகிதத்தில் விழும். புள்ளியைக் கோட்டின் மீது ஓட்டினால், அதே அசைவை ஊசி மறுபக்கத்தில் துணியில் தைத்துவிடும்.

ஏற்பாடு எளிமையானதுதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை, தைப்பவரின் கண் துணியை விட்டுப் போய்விடுவது. பின்னால் நிற்பவருக்கும் ஊசிக்கும் நடுவே இயந்திரத்தின் உடலும், தைத்துச் சுருட்டிய போர்வையும் மறைத்து நிற்கின்றன. மேல் நூல் அறுந்தால் உடனே தெரியாது. வரி முடிந்து முன்னால் வந்து பார்க்கும்போதுதான், பாதி தூரம் வெறும் ஓட்டைகளாகக் கிடப்பது தெரியும். பாபின் நூல் தீர்ந்துபோனால் மேல் நூல் பிடிமானமின்றித் தொய்ந்து கிடக்கும். அதுவும் முன்னால் நிற்பவர் கண்ணில்தான் படும். இதைவிட மோசமானது மடிப்பு. ஓரப்பட்டையில் துணி சற்று கூடுதலாக இருந்தால், முன்னால் நிற்பவர் ஊசி வருவதற்குள் அதைக் கையால் நீவிப் பரப்பிவிடலாம். பின்னால் நிற்பவர் அறியாமலே அந்தச் சுருக்கத்தின் மேல் தைத்து அதை நிரந்தரமாக்கிவிடுவார். பிறகு தையலைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. தைத்த நேரத்தைப் போலப் பல மடங்கு அதற்கே போய்விடும்.

பின்பக்கத்தில் ஒரு கேமராவைப் பொருத்தி, காகிதத்தை முன்பக்கத் திரையில் பார்த்துத் தைக்கும் யோசனை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இதை வசதிக்கான சின்ன உபாயம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் எண்ணம். வடிவத்தையும் துணியையும் ஒரே இடத்தில் நின்று கவனிக்க இது வழி தருகிறது. பழைய முறையின் அடிப்படைக் குறையே அது இல்லாததுதான். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். லேசர் இருக்கும் இடத்துக்கு அருகில் கவ்வியால் இறுக்கிய சிறு கேமராவும், கைப்பிடிகளுக்கு நடுவே நிறுத்திய ஒரு டேப்லெட்டும் போதும். கேமராவைத் தனியாக ஒரு முக்காலியில் வைத்தால் பயன் குறைவு. பத்தடி நீளக் காகிதம் முழுவதும் படத்தில் அடங்கும்போது ஒளிப்புள்ளி கண்ணுக்கே தெரியாமல் சிறுத்துவிடும். இயந்திரத்தின் உடலிலேயே பொருத்தினால் கேமராவும் ஊசியோடு சேர்ந்து நகரும். திரையில் புள்ளி நடுவில் அசையாமல் நிற்க, கோடு அதன் அடியில் ஓடிவரும். காகிதம் தட்டையாக இருக்கும்வரை கேமரா சற்றுச் சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை. அது அசையாமல் இருப்பதுதான் முக்கியம். தைக்கும் அதிர்வில் கவ்வி கொஞ்சம் தளர்ந்தாலும் படம் நடுங்கத் தொடங்கிவிடும்.

திசை விஷயத்தில் பலருக்கும் முதலில் குழப்பம் வரும். முன்னும் பின்னும் நிற்பவர்கள் எதிரெதிராகப் பார்ப்பவர்கள். ஒருவரின் வலம் மற்றவரின் இடம். பின்னால் நிற்பவர் பார்ப்பதுபோலவே படம் வந்தால், இயந்திரத்தை வலப்பக்கம் தள்ளும்போது திரையில் அது இடப்பக்கம் போவதாகத் தோன்றும், கை தடுமாறிவிடும். படத்தை அரைச் சுற்று திருப்பிவிட்டால் கையும் கண்ணும் ஒத்துப்போகும். காகிதத்தில் உள்ள பூ திரையில் தலைகீழாகத் தெரியும், அவ்வளவுதான். கண்ணாடிப் பிம்பமாக மாற்றிவிடக் கூடாது. அப்போது ஒரு திசை சரியாகவும் மற்றது தப்பாகவும் ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல் தாமதம். அங்குலத்துக்கு 10 தையல், நிமிடத்துக்கு 1,500 தையல் என்று ஓட்டினால், ஊசி நொடிக்கு இரண்டரை அங்குலம் நகர்கிறது. கம்பியில்லா இணைப்பில் படம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தி வந்தால், திரையில் தெரிவது அரை அங்குலத்துக்கு முந்தைய இடம். ஓர் அங்குல வளையத்தைச் சுற்றும்போது இந்தப் பிழை வடிவத்தையே நசுக்கிவிடும். கம்பி வழி இணைப்பு, இல்லையென்றால் நிதானமான வேகம், இரண்டில் ஒன்று கட்டாயம். படத்தை மிகவும் பெரிதாக்குவதும் தவறு. தேர்ந்தவர்கள் புள்ளியைப் பார்ப்பதில்லை. அது அடுத்துப் போகவேண்டிய கோட்டைப் பார்க்கிறார்கள். திரையில் ஏழெட்டு அங்குலமாவது முன்கூட்டித் தெரிய வேண்டும்.

திரையைப் பார்ப்பவர் துணியை எப்படிப் பார்ப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூர்ந்து பார்க்கும். ஆனாலும் ஊசிக்கு மேலேயே திரை இருக்கும்போது, நூல் அறுந்ததோ மடிப்பு எழுவதோ ஓரப்பார்வையில் படுகிறது. கையும் துணிக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சட்டத்தைச் சுற்றிப் பின்பக்கத்திலிருந்து ஓடிவருவதோடு இதை ஒப்பிட்டால் போதும்.

கணினியே வடிவத்தைத் துல்லியமாகத் தைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. மோட்டாரும் மென்பொருளும் சேர்ந்த அந்த ஏற்பாடு தைப்பவரை முன்பக்கமே நிற்கவிடுகிறது. வரிகளும் கணக்காகப் பொருந்துகின்றன. வணிகமாகத் தைப்பவருக்கு அது லாபமாகவும் இருக்கலாம். ஆனால் அதன் விலை பல ஆயிரம் டாலர். வீட்டின் ஓர் அறையில் தைக்கும் ஒருவர், கையில் இருக்கும் பழைய கேமராவாலேயே அந்த நன்மையில் பெரும்பகுதியைப் பெற முடியும் என்றால், அதைத் தற்காலிக ஏற்பாடு என்று தாழ்த்த வேண்டியதில்லை. இயந்திரத்தை ஓட்டுவது இன்னும் அவருடைய கைதான்.

திரையைப் பார்த்துத் தைத்தால் கைவேலை என்று எப்படிச் சொல்வது என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. குவில்ட் உலகுக்கு இந்தச் சர்ச்சை புதிதல்ல. 1989-இல் கென்டக்கி மாநிலத்தின் பதூக்கா நகரில், அமெரிக்கக் குவில்டர்ஸ் சொசைட்டி நடத்திய போட்டியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தால் தைத்த ‘கரோனா II: சோலார் எக்ளிப்ஸ்’ சிறந்த படைப்புக்கான பரிசைப் பெற்றது. இயந்திரத் தையலுக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. கையால் தைத்தவர்கள் பலருக்கு அது உவப்பாக இல்லை. அந்தப் போர்வை அதே ஊரின் தேசியக் குவில்ட் அருங்காட்சியகத்தில் இடம்பிடித்தது. மேலும், காகிதச் சுருளைப் பின்தொடர்வதே பிறர் வரைந்த கோட்டைத் தைப்பதுதான். அதைப் பின்னால் நின்று செய்தால் கைவேலை, முன்னால் நின்று செய்தால் ஏமாற்று என்பதில் தர்க்கம் இல்லை.

கேமரா தொடாத வேலைகளும் இருக்கின்றன. அடித்துணியில் தையலின் இறுக்கம் சரியா என்பதை எந்தப் பக்கம் நின்றும் காண முடியாது. குனிந்து அடியில் தடவித்தான் அறிய வேண்டும். ஒரு வரி முடிந்து போர்வையைச் சுருட்டியதும், அடுத்த வரி முந்தையதோடு பொருந்துமாறு காகிதத்தை மறுபடி அமைக்கப் பின்னால் போயே ஆக வேண்டும். நட்சத்திரமும் கட்டமும் மாறிமாறி வரும் போர்வையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வடிவம் தைப்பவருக்குக் காகிதமே தேவையில்லை. அவர் ஏற்கெனவே முன்பக்கம்தான் நிற்கிறார்.