மனக்காயமும் சமூகப் பணிக் கல்வியும்

உடலில் பட்ட காயத்தைக் கண்ணால் காண்கிறோம், உடனே மருந்திடுகிறோம். உள்ளத்தில் பட்ட காயமோ புறத்தே தோன்றுவதில்லை. புயல், வெள்ளம், நிலநடுக்கம், தீ விபத்து, வன்முறை ஆகியவற்றுக்கு ஆளானவர் தம் அன்றாட வேலைக்குத் திரும்பிய பின்னரும் அக்காயம் ஆறாதிருக்கக்கூடும். ஆங்கிலத்தில் இதனை ‘ட்ராமா’ என்பர். காயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. இத்தகையோருக்கு முறையாக உதவும் ஆற்றலைச் சமூகப் பணியில் பட்ட மேற்படிப்புப் பயில்வோர் பெறுகின்றனர். அக்கல்வியில் கற்பிக்கப்படுவது யாது, அதிலிருந்து களப் பணியாளரும் ஆசிரியரும் எடுத்துக்கொள்ளத்தக்கது யாது என்பதை இங்குக் காண்போம்.

இக்கல்வி வளர்ந்த வரலாறு

நம் நாட்டில் சமூகப் பணிக்கென முதற் கல்விச்சாலை 1936ஆம் ஆண்டில் பம்பாயில், ஸர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் தொடங்கப்பெற்றது. 1944இல் அது டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் எனப் பெயர் மாறியது. 1947இல் நாடு பிரிவினையுற்றபோது இக்கழகத்தைச் சேர்ந்தோர் குருட்சேத்திரத்து அகதிகள் முகாமில் பணிபுரிந்தனர். 1952இல் சென்னை சமூகப் பணிக் கல்லூரி தோன்றியது. பெங்களூரில் 1954இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மனநல நிலையம், 1974இல் தேசிய மனநல மற்றும் நரம்பியல் விஞ்ஞான நிலையமாக (நிம்ஹான்ஸ்) உருப்பெற்று, மனநலச் சமூகப் பணிக்கெனத் தனித் துறையை வளர்த்தது.

பேரிடர்களே இத்துறைக்குப் பெரும் பாடசாலையாயின. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த பின்னர், மனநல நிபுணர் ஒரு சிலரால் மட்டும் அத்துணை மக்களுக்கும் உதவ இயலாது என்பது தெளிவாயிற்று. ஆகவே அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1999இல் ஒரிஸாவைத் தாக்கிய பெரும்புயல், 2001இல் குஜராத்தில் நேர்ந்த நிலநடுக்கம், 2004இல் எழுந்த ஆழிப்பேரலை ஆகியவற்றின்போது ஆசிரியர்களும் ஊர்த் தொண்டர்களும் இப்பயிற்சியைப் பெற்றனர். 2009 டிசம்பரில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இதற்கென நெறிமுறைகளை வெளியிட்டது.

காயம்பட்ட உள்ளம்

ஆபத்து நேருங்கால் அட்ரினலின் முதலிய சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. ஆபத்து நீங்கியதும் இந்நிலை தணிய வேண்டும். சிலரிடம் அது தணிவதில்லை. ஓர் ஒலி, ஒரு மணம், ஒரு காட்சி போதும். பழைய ஆபத்து மீண்டும் வந்துவிட்டதாகவே உடல் கொள்கிறது.

எடுத்துக்காட்டாக, புயலில் வீடிழந்த சிறுவன் ஒருவனைக் கருதுவோம். பள்ளிக் கூரையில் காற்று மோதும் ஓசை கேட்டதும் அவன் வகுப்பை விட்டு வெளியே ஓடுகிறான். பாடத்தில் மனம் பதிவதில்லை. இரவில் படுக்கையை நனைக்கிறான். இதனை அறியாத ஆசிரியர் அவனை அடங்காதவன் என்றோ மந்தபுத்தியுள்ளவன் என்றோ கருதித் தண்டிக்கக்கூடும். அறிந்தவர் அவனைக் கதவருகில் அமர்த்துவார். அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுவார். பள்ளியின் அன்றாட ஒழுங்கு தவறாமல் பார்த்துக்கொள்வார்.

பேரிடருக்கு ஆளானோரில் பெரும்பாலோர் குடும்பம், அயலார் ஆகியோரின் ஆதரவினால் தாமாகவே தேறிவிடுகின்றனர் என்பதையும் மறத்தலாகாது. அனைவரையும் நோயாளிகளாகக் கருதுவது தவறு.

கேளாதிருக்கவும் பயிற்சி வேண்டும்

நடந்ததை வாய்விட்டுச் சொல்லச் செய்தால் துயரம் தீரும் என்ற எண்ணம் பலரிடமும் உண்டு. 1980களில் இவ்வெண்ணத்தை ஒட்டிய முறையொன்று மேலை நாடுகளில் பரவியது. விபத்து நேர்ந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டோரை ஒரே அமர்வில் அனைத்தையும் விவரிக்கச் செய்வது அதன் முறை. பிரிட்டனில் தீக்காயம் பட்டோரிடையே இதனைச் சோதித்து, 1997இல் முடிவுகளை வெளியிட்டனர். பதின்மூன்று மாதங்களுக்குப் பின் நோக்கியபோது, இவ்வமர்வில் கலந்துகொண்டோருள் 26 சதவீதத்தினரிடமும், கலந்துகொள்ளாதோருள் 9 சதவீதத்தினரிடமும் மன அதிர்ச்சி நோய் காணப்பட்டது. முதற் பிரிவினரின் காயங்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாயிருந்தன என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஆயினும் இம்முறை நன்மை தந்ததற்குச் சான்று கிட்டவில்லை. பின்னர் உலக சுகாதார ஸ்தாபனமும் இதனைக் கைக்கொள்ளலாகாது என்றே அறிவுறுத்தியது.

ஆகவே, நல்லெண்ணம் மட்டும் போதாது என்பது பெறப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று படிகளாக வகுத்தார். பாதுகாப்பை நிலைநாட்டுவது முதற்படி. நிகழ்ந்ததை நினைவுகூர்ந்து துக்கத்தை ஆற்றிக்கொள்வது இரண்டாம் படி. மக்களோடு மீண்டும் இணைவது மூன்றாம் படி. முதற்படியைக் கடவாதவரை இரண்டாம் படிக்கு இழுத்தல் ஆகாது. ஒருவர் எப்படியில் நிற்கிறார் என்று அறிவதே இக்கல்வியின் உயிர்நிலை எனலாம்.

களத்தில் பெறும் பயிற்சி

இவ்வறிவு ஏட்டுப் படிப்பினால் மட்டும் வாராது. சமூகப் பணியில் முதுகலைப் படிப்பு இரண்டாண்டுக் காலமுடையது. வகுப்பறைக் கல்வியோடு, மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், முகாம் முதலிய இடங்களில் களப்பணியும் அதன் இன்றியமையாத பகுதி. மாணவர் தாம் ஒருவரோடு பேசியதைப் பேசியவாறே எழுதி வர, மேற்பார்வையாளர் அதனை ஆராய்கிறார். ‘இக்கேள்வியை ஏன் கேட்டீர்? அவர் மௌனமானபோது நீர் ஏன் அவசரப்பட்டீர்?’ என்று வினவித் திருத்துகிறார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் யார் என வரையறுக்கையில், முதுகலைப் பட்டத்துக்கு மேல், மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி அடங்கிய இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பையும் வேண்டுகிறது.

மேற்பார்வையினால் மற்றொரு பயனும் உண்டு. பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்பவரின் உள்ளமும் காயப்படக்கூடும். உறக்கமின்மை, எரிச்சல், எவரையும் நம்பாமை ஆகியன அதன் அறிகுறிகள். இதனைப் பலவீனமென மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லவும் மாணவர் பழகுகின்றனர்.

நாம் செய்யத்தக்கவை

களப் பணியாளரும் ஆசிரியரும் மனநல நிபுணராக வேண்டுவதில்லை. ஆயினும் துன்பப்படுவோரை முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் இவர்களே. 2011இல் உலக சுகாதார ஸ்தாபனம் முதலியன வெளியிட்ட கையேடு இவர்தம் கடமையை மூன்று சொற்களில் அடக்குகிறது: காண்க, கேட்க, இணைக்க.

ஆபத்து நீங்கிவிட்டதா, உணவும் உறைவிடமும் உண்டா என்று காண்க. அவர் சொல்ல விரும்பியதைப் பொறுமையுடன் கேட்க. விரும்பாததைத் துருவுதல் வேண்டா. உறவினரோடும் மருத்துவமனையோடும் அரசாங்க உதவியோடும் அவரை இணைக்க. துன்பம் ஒரு திங்களுக்கு மேல் நீடித்தாலோ, தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டாலோ, காலந் தாழ்த்தாமல் தேர்ச்சி பெற்றவரிடம் சேர்ப்பித்தல் அவசியம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணிலும் உதவி பெறலாம்.

குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானதை அறிந்தால், 2012ஆம் ஆண்டின் சட்டப்படி அதனைக் காவல் துறைக்குத் தெரிவித்தல் கட்டாயமாகும். ஆனால், தெரிவிப்பதற்கு முன் தலைமையாசிரியர் ஒரு முறையும், வகுப்பாசிரியர் ஒரு முறையும், ஊர்ப் பெரியோர் ஒரு முறையும் அக்குழந்தையை விசாரிப்பது பெருந்தீங்கு. சாட்சியம் கூற அக்குழந்தையை நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப அழைக்கலாகாது என்று அச்சட்டமே விதித்துள்ளது. நீதிமன்றத்துக்கு உள்ள இக்கட்டுப்பாட்டைப் பள்ளியும் ஊரும் தாமே மேற்கொள்ளுமாயின், தேர்ச்சி பெற்ற பணியாளர் வந்து சேரும் வரை அக்குழந்தையின் காயம் பெரிதாகாமல் காக்கப்படும்.