ஏந்தத் தெரியாத கை: பன்னாலால் படேலின் வாழ்வும் எழுத்தும்

 சில நாடுகளில் இப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். விழித்திருந்து கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

பேசுவதற்கு ஓர் இந்திய மொழி எழுத்தாளரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னபோது நான் குஜராத்தியின் பன்னாலால் படேலைச் சொன்னேன். எனக்குக் குஜராத்தி தெரியாது. என்னோடு இரவு டியூட்டி பார்த்த குஜராத்தி நர்ஸ் ஒருவர், வி. ஒய். காண்டக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'மானவீனி பவாய்' நாவலைக் கையில் கொடுத்து, "எங்கள் பாட்டிமார் சொல்கிற பஞ்சம் இதில் இருக்கிறது" என்றார். அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தேன். அதனால் இது ஆய்வாளரின் பேச்சல்ல. பசித்த உடம்புகளையும் சாப்பிட மறுக்கிற உடம்புகளையும் இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துவரும் ஒருத்தியின் வாசிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னாலால் 1912 மே 7ஆம் தேதி மாண்ட்லி என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் அன்று துங்கர்பூர் சமஸ்தானத்தில் இருந்தது, இன்று ராஜஸ்தானில் இருக்கிறது. குஜராத்தை ஒட்டிய எல்லைப்பகுதி, பேச்சு குஜராத்தி. விவசாயக் குடும்பம். நாலு பிள்ளைகளில் கடைசி. தகப்பனார் ராமாயணமும் புராணக் கதைகளும் ஊராருக்குப் படித்துச் சொல்கிறவர், ஆகையால் அந்த வீட்டுக்கு 'படிப்புள்ள வீடு' என்று பெயர். ஆனால் அவர் சீக்கிரமே இறந்துபோனார். தாய் ஹீராபா பிள்ளைகளை வளர்த்தார். பன்னாலால் ஈடர் என்ற ஊரில் விடுதியில் தங்கிப் படித்தார். அதுவும் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது.

அந்த ஈடர் பள்ளியில் அவருக்கு ஒரு தோழன் கிடைத்தான், பெயர் உமாசங்கர் ஜோஷி. ஒருவன் மேலே படித்துக் கவிஞனாகி, பேராசிரியராகி, துணைவேந்தரானான். மற்றவன் துங்கர்பூரில் சாராயக் கடை நிர்வாகி, பிறகு அகமதாபாத்தில் பணக்கார வீட்டு வேலைக்காரன், மின்சாரக் கம்பெனியில் எண்ணெய் போடுகிறவன், மீட்டர் பார்க்கிறவன் என்று அலைந்தான். 1936இல் அகமதாபாத்தில் இருவரும் தற்செயலாகச் சந்தித்தார்கள். "நீ எழுது" என்று உமாசங்கர் தூண்டினார். அந்த வருடமே முதல் சிறுகதை வந்தது. உமாசங்கருக்கு 1967இல் ஞானபீடம் கிடைத்தது, பன்னாலாலுக்கு 1985இல். ஒரே பள்ளியில் படித்த இரண்டு பையன்களுக்கும் நாட்டின் பெரிய இலக்கியப் பரிசு!

நாலாம் வகுப்பு என்பதை வைத்து அவரை 'படிக்காத மேதை' என்று கொண்டாடுகிற வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அவர் படிக்காதவர் அல்ல. தகப்பனார் வாசித்ததைக் கேட்டார், வயலில் பாடுகிறவர்களைக் கேட்டார், பிறர் வீட்டு அடுக்களையில் நின்று மனிதர்களைப் பார்த்தார். டிப்ளமோ நர்சான என்னிடமும் "எப்படி எழுத வந்தீர்கள்?" என்று வியப்போடு கேட்பவர்கள் உண்டு. அந்த வியப்புக்குள் கொஞ்சம் அவமதிப்பும் இருக்கிறது என்பது கேட்கப்படுகிறவருக்குத் தெரியும்.

அவருடைய முதல் நாவல் 'வளாமணாம்', 1940. பெண்ணை வழியனுப்புதல் என்று பொருள் சொல்லலாம். 'பூல்சாப்' பத்திரிகையில் இருந்த ஜவேர்சந்த் மேகாணி, நாட்டுப்பாடல்களை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பெரிய மனிதர், அவரைப் பிடித்து எழுத வைத்தார். அடுத்த வருடம் 'மளேலா ஜீவ்', அதாவது 'ஒன்றிய உயிர்கள்'. 24 நாள்களில் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள்.

அதன் கதையைச் சொன்னால்தான் அடுத்து நான் சொல்ல வருவது விளங்கும். திருவிழாக் கூட்டத்தில், ராட்டினத்தில், கான்ஜி என்ற பட்டேல் இளைஞனும் ஜீவி என்ற நாவிதர் குலத்துப் பெண்ணும் சந்திக்கிறார்கள். சாதி குறுக்கே நிற்கிறது. கான்ஜி ஒரு காரியம் செய்கிறான். தன் ஊரிலேயே இருக்கும் தூளோ என்ற நாவிதனுக்கு ஜீவியைக் கட்டி வைக்கிறான், கண்ணெதிரிலாவது இருப்பாள் என்று. இதைத் தியாகம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது கோழைத்தனமாகவே படுகிறது, பன்னாலாலும் அதை மறைக்கவில்லை. சந்தேகக்காரக் கணவன் அடிக்கிறான். தாங்க முடியாமல் ஜீவி தனக்கென்று விஷம் கலந்து ஒரு ரொட்டி சுடுகிறாள். அந்த ரொட்டியை தூளோ எடுத்துத் தின்றுவிடுகிறான். அவன் செத்துப்போகிறான், அவளுக்குப் புத்தி பேதலிக்கிறது. ஓடிப்போன கான்ஜி கடைசியில் திரும்பி வந்து, பைத்தியமாகிவிட்ட ஜீவியைத் தன்னோடு அழைத்துப்போகிறான். இந்த நாவலைத்தான் 1996இல் டி. எஸ். நாகாபரணா கன்னடத்தில் 'ஜனுமத ஜோடி' என்று படமாக்கினார். பெங்களூரில் இருந்தவர்கள் பார்த்திருக்கலாம்.

அந்த ரொட்டிதான் என்னை நிறுத்தியது. யாருக்கோ சுட்ட ரொட்டி யாருடைய வாய்க்கோ போய்ச் சேருகிறது. அதற்குப் பிறகு பன்னாலாலின் பக்கங்களில் நான் உணவைத் தேட ஆரம்பித்தேன். யார் கையிலிருந்து, யார் கைக்கு, என்ன விலைக்கு?

'கங்கு' என்ற கதையில் ஒரு விதவை. கணவன் போன பிறகு மகனைத் தனியாக வளர்க்கிறாள். கடனுக்கு ஊர்க் கடைக்காரர் மலக்சந்திடம் போகிறாள். அவர் கெட்டவர் இல்லை, மதிப்பாகவே நடத்துகிறார். வருடங்கள் போகின்றன. மகன் கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கப் போன ஓர் இரவில் இருவரும் தடுமாறிவிடுகிறார்கள். அவள் கர்ப்பமாகிறாள். ஊர் கூடிக் கேட்கிறது, அவள் பெயரைச் சொல்வதில்லை. வேறு எழுத்தாளர் கையில் கடைக்காரர் வில்லனாகியிருப்பார். இங்கே அப்படி ஆகவில்லை, அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. எத்தனை நல்லவரிடம் கை நீட்டினாலும் நீட்டிய கை நீட்டியதுதான். 1969இல் காந்திலால் ராத்தோட் இதைப் படமாக எடுத்தார். நாயகியாக நடித்த பல்லவி மேத்தாவுக்குச் சிகாகோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

இனி 'மானவீனி பவாய்', 1947. 'பவாய்' குஜராத்தின் நாட்டுப்புறக் கூத்து. இரவெல்லாம் திறந்த வெளியில் ஆடுவது, சிரிப்பும் கிண்டலும் கலந்தது. நம் தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளலாம். 'மனிதரின் கூத்து' என்பது தலைப்பு. பன்னாலால் நாடகங்களும் எழுதியிருக்கிறார், 1952இல் 'ஜமாயிராஜ்' என்ற ஓரங்க நாடகத் தொகுப்பு வந்தது. ஆனால் நாடகக்காரர் என்ற வகையில் அவருடைய பெரிய வேலை இந்த நாவல்தான் என்பேன். பஞ்சாயத்துச் சண்டை, கல்யாணப் பேச்சு, ஊர்க் கிழவிகளின் வாய்ச்சவடால் எல்லாமே வசனத்தில் நடக்கின்றன. முதல் பாதியில் பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு வரப்போவது தெரியாமல்.

காளு என்ற விவசாயி மகனுக்கும் ராஜுவுக்கும் தொட்டிலிலேயே நிச்சயமாகிறது. காளு வயதான பெற்றோருக்கு அருமையாகப் பிறந்தவன். தகப்பனுடைய சகோதரரின் பெண்டாட்டி மாலிக்கு அது பொறுக்கவில்லை. தகப்பன் இறந்ததும் நிச்சயம் முறிக்கப்படுகிறது. காளுவுக்கு வேறு பெண், ராஜுவுக்கு வேறு மாப்பிள்ளை. இருவரும் அருகருகே, தொடாமல், வாழ்கிறார்கள். அப்போது வருகிறது சப்பனியோ.

விக்ரம சகாப்தம் 1956இல் வந்ததால் 'ஐம்பத்தாறு' என்பதே அந்தப் பஞ்சத்தின் பெயர். நம் கணக்கில் 1899-1900. நம்மவர்கள் 1876-78 பஞ்சத்தைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்னது போலத்தான். என் பாட்டி, சோற்றைச் சிந்துகிற பிள்ளையிடம் தாது வருஷத்தைச் சொல்லி அதட்டுவார். அவருக்கும் அது கேட்டறிந்த கதைதான். பஞ்சம் நடந்து பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த பன்னாலாலும் அப்படிக் கேட்டு வளர்ந்தவரே.

1899இல் பருவமழை பொய்த்தது. முதலில் மாடுகள் விழுந்தன. மாடு போனால் மழை வந்தாலும் உழ முடியாது, இதை நாவலில் எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். மலையிலிருந்து பசித்த பீல்கள் இறங்கிக் கால்நடைகளைக் கொள்ளையடிக்கிறார்கள். அவர்கள்மீது காளுவுக்குக் கோபம் வருகிறது, ஆனால் அவர்கள் நிலையைக் கண்டதும் கோபம் நிற்க மாட்டேனென்கிறது. பசி உடம்பை எப்படித் தின்கிறது என்று நான் படிப்பில் படித்தேன்: முதலில் சர்க்கரை, பிறகு கொழுப்பு, பிறகு தசை. கடைசியில் மனிதர்கள் பேச்சைக் குறைத்துவிடுவார்கள், எரிச்சல்படுவார்கள், பிறகு எரிச்சலும் போய்விடும். பாடப்புத்தகத்தைத் தொடாத இந்த மனிதர் அந்த வரிசையை அப்படியே எழுதியிருக்கிறார். ஊரில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர்கள் சண்டை போடாமல் ஆவதுதான் அவருடைய பஞ்ச அத்தியாயங்களில் எனக்குப் பயம் தந்த இடம்.

பக்கத்து ஊரில் ஒரு செல்வந்தர் தானியம் தருமம் செய்கிறார். காளுவும் போகிறான், வரிசையில் நிற்கிறான். அவனுடைய முறை வருகிறபோது கை மேலே எழ மறுக்கிறது. ஊருக்கெல்லாம் தானியம் விளைவித்துக் கொடுத்த கை அது. பசியைவிடக் கொடியது பிச்சை என்ற எண்ணம்தான் இந்த நாவலின் முதுகெலும்பு.

இதை வீண் பெருமை என்று சிலர் சொல்லக்கூடும். இளம் நர்சாக இருந்தால் நானும் சொல்லியிருப்பேன். இப்போது நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நம் தமிழ் ஐயா ஒருவர் இருந்தார். ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர், நாலு பேருக்குச் சோறு போட்டவர். கை நடுக்கம் வந்து கரண்டி பிடிக்க முடியாமல் போனதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "உணவு மறுத்தார்" என்று நாங்கள் சார்ட்டில் எழுதினோம். மூன்று நாள். பிறகு ஒரு நாள் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, "ஐயா, குழம்புக்கு உப்பு போதுமா, பாத்துச் சொல்லுங்க" என்றேன். வாய் திறந்தார். எங்கள் சார்ட்டில் இருந்தது பொய் என்று அன்று தெரிந்தது. அவர் உணவை மறுக்கவில்லை.

வேதாகமத்தில் லேவியராகமம் வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கு என்று சொல்கிறது. ஞாயிறு பள்ளியில் இதை ஏழைக்கு இரங்குதல் என்று கற்றுக்கொடுத்தார்கள். 'மானவீனி பவாய்' படித்த பிறகுதான் அதன் நுட்பம் எனக்குப் பிடிபட்டது. ரூத் யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை, குனிந்து பொறுக்கினால் போதும். போவாஸ் தன் ஆட்களிடம், வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடச் சொல்கிறான்.

நாவலின் கடைசிக் காட்சியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. காளு மரத்தடியில் சாகக் கிடக்கிறான். வாய் உலர்ந்துவிட்டது. ராஜு அவனுக்குத் தன் முலையைக் கொடுக்கிறாள். உயிர் திரும்புகிறது, மழை பெய்கிறது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்காத, பட்டினி கிடந்த பெண்ணிடம் பால் ஏது என்று அந்த குஜராத்தி நர்சோடு நானே வாதாடினேன். பிறகு யோசித்தேன். அந்த நிலையில் இருப்பவனுக்கு வயிறு நிறையச் சோறு போட்டால் அதுவே கொல்லும். இரண்டாம் உலகப் போர் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிட்டு இறந்திருக்கிறார்கள். நாங்கள் இதை ரீஃபீடிங் என்போம், ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுவிடும். சாகக் கிடப்பவருக்கு நாங்கள் முதலில் செய்வது ஈரப் பஞ்சால் உதட்டை நனைப்பதுதான். ராஜு செய்தது கிட்டத்தட்ட அது. அங்கே ஊட்டம் கணக்கில் வராது. தருமத்துக்கு எழாத கை இங்கே எழ வேண்டியதே இல்லை, கேட்கவே வேண்டாத இடத்திலிருந்து வந்தது.

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் பம்பாயில் சினிமாவுக்கு எழுதினார். பிறகு மாண்ட்லிக்குத் திரும்பி, விவசாயம் செய்துகொண்டே எழுதினார். இடையில் காசநோய் படுத்தியது. 1958இல் அகமதாபாத்தில் குடியேறினார். 1971இல் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார். ஐம்பதுக்கு மேற்பட்ட நாவல்கள், அவற்றில் மகாபாரதக் கதைகளும் உண்டு. எழுத்தை நம்பிப் பிழைத்தவர், எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. 1989 ஏப்ரல் 6ஆம் தேதி அகமதாபாத்தில் காலமானார். உமாசங்கர் அதற்கு நாலு மாதத்துக்குள் முன்னால்தான் போயிருந்தார்.

1900இல் மழை வந்த பிறகு நிஜத்தில் மலேரியாவும் வந்தது, பட்டினியில் தப்பியவர்கள் பலரை அது கொண்டுபோனது. நாவல் அதற்குள் போகாமல் மழையோடு நின்றுவிடுகிறது. காளுவும் ராஜுவும் பிறகு என்ன ஆனார்கள் என்று அறிய குஜராத்தி வாசகர்கள் பத்து வருடம் காத்திருந்தார்கள். இரண்டாம் பாகமான 'பாங்க்யானா பேரு' 1957இல்தான் வந்தது.