பூவுக்குள் ஒரு பொறி

தாய்க்குப் பூங்கொத்து அனுப்ப ஒருவன் இணையத்தில் ஆர்டர் கொடுக்கிறான். பணம் போயிற்று, பூவும் போய்ச் சேர்ந்தது. கணக்கு தீர்ந்ததா? தீரவில்லை! மாதம் பத்து டாலர், இருபது டாலர் என அவன் கடன் அட்டையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கிறது. யார் எடுத்தது? அவனுக்கே தெரியாது!

கட்டுக்கதையல்ல, தோழர்களே! அமெரிக்காவில் நடந்த பகற்கொள்ளை இது. பணம் கட்டும் நேரத்தில், அடுத்த முறைக்குத் தள்ளுபடி என்று திரையில் ஓர் ஆசைவார்த்தை தோன்றும். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து 'சரி' என்று தட்டினால் போதும். கடைக்காரன் அட்டை எண்ணை வேறொரு 'தள்ளுபடி சங்க'த்திடம் ஒப்படைத்துவிடுவான். சந்தா விவரமோ பொடி எழுத்தில்!

2009-ல் செனட் வர்த்தகக் குழு விசாரித்தது. மூன்று கம்பெனிகளின் இந்த வியாபாரத்தில் 140 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதும், அதில் 79 கோடி கடைக்காரர்களின் பங்காகப் போனதும் அம்பலமாயின. பங்கு பெற்றவர்களில் பெரிய பூ வியாபாரிகளும் உண்டு. அட்டை எண்ணை இப்படிக் கைமாற்றுவதை 2010-ல் வந்த சட்டம் தடை செய்தது.

நாம் கேட்கிறோம்: அறியாமல் தட்டிய விரல் சம்மதமாகுமா? ஏமாற்றிப் பெற்றது ஒப்பந்தமாகுமா?

இந்தியாவிலும் 2023-ல் வந்த நெறிமுறைகள் 'சந்தாப் பொறி'யைத் தடுக்கின்றன. ஆயினும் சட்டம் இருக்கிறதென்று நாம் உறங்கலாகாது. மாதந்தோறும் வங்கிக் கணக்கைப் பாருங்கள். அறியாத பிடித்தமா? வங்கியைக் கேளுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். வியர்வை சிந்திய காசு, ஒரு ரூபாயானாலும் நம்முடையது!