பல் பிடுங்கும் முன் போடும் ஊசி: எந்த மருந்து, யாருக்கு?

பல் பிடுங்க வருவோர் எங்களிடம் முதலில் கேட்பது, "வலிக்குமா டாக்டர்?" என்பதே. அண்மைக் காலமாக மற்றொரு கேள்வியும் அதனுடன் சேர்ந்துகொண்டுள்ளது: "இருப்பதிலேயே நல்ல ஊசியாகப் போடுவீர்களா?" மரத்துப்போகச் செய்யும் மருந்துகளில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற எண்ணமே இக்கேள்விக்குக் காரணம். உண்மையில், பிடுங்க வேண்டிய பல் எது, நோயாளியின் உடல்நிலை எத்தகையது என்னும் இரண்டையும் பார்த்தே மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. அத்தேர்வு சரியாக அமைவதில் நீங்கள் சொல்லும் விவரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

மருந்து என்ன செய்கிறது?

வலி என்னும் செய்தி பல்லிலிருந்து நரம்பின் வழியே மூளையைச் சென்றடைகிறது. ஊசி மருந்து, நரம்பிழையில் சோடியம் நுழையும் வாயில்களை அடைத்துவிடுவதால் அச்செய்தி வழியிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் விழித்திருப்பீர்கள்; பேச்சைக் கேட்பீர்கள்; பல்லை அசைக்கும்போது அழுத்தத்தையும் உணர்வீர்கள். அழுத்தம் தெரிவதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று அஞ்ச வேண்டாம். கூர்மையான வலி தெரிந்தால் மட்டும் உடனே கையை உயர்த்துங்கள்.

மூன்று மருந்துகள்

லிக்னோகெயின்: 1943ஆம் ஆண்டு ஸ்வீடனில் உருவாக்கப்பட்ட இம்மருந்தே இன்றும் மிகுதியாகப் பயன்படுகிறது. 2 விழுக்காடு லிக்னோகெயினுடன் மிகச் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அவ்விடத்திலேயே தங்க வைக்கிறது. இரத்தக் கசிவையும் குறைக்கிறது. இக்கலவையில் பல் ஏறத்தாழ 1 மணி நேரமும், உதடும் கன்னமும் 3 முதல் 5 மணி நேரமும் மரத்திருக்கும். அட்ரினலின் இல்லாவிட்டால் பல்லின் மரப்பு 5 முதல் 10 நிமிடங்களிலேயே நீங்கிவிடக்கூடும். கருவுற்ற பெண்களுக்குப் பல் சிகிச்சை தேவைப்படும்போதும் பெரும்பாலும் லிக்னோகெயினையே தேர்ந்தெடுக்கிறோம்.

ஆர்டிகெயின்: 1970களில் ஜெர்மனியில் வழக்கத்திற்கு வந்த 4 விழுக்காடு மருந்து. எலும்பினூடே நன்றாக ஊடுருவக்கூடியது. எனவே கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு ஈற்றின் ஓரத்தில் மட்டும் ஊசி போடும்போது, லிக்னோகெயினைவிட இது கூடுதல் பலன் தருகிறது. தாடை நரம்பையே மரக்கச் செய்யும் ஊசியாகப் போட்டால் இவ்வேறுபாடு பெரிதும் குறைந்துவிடுகிறது. அவ்வாறு போட்டபின் நாக்கிலும் உதட்டிலும் உணர்வின்மை நீடித்ததாக அரிதாகச் செய்திகள் உள்ளமையால், நரம்பு ஊசிக்கு லிக்னோகெயினையே விரும்பும் மருத்துவர்களும் உண்டு. 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆர்டிகெயின் பரிந்துரைக்கப்படுவதில்லை.

பியூபிவகெயின்: வேலை செய்யத் தொடங்குவதற்குச் சற்று நேரம் எடுக்கும், ஆனால் நெடுநேரம் நீடிக்கும். எலும்பில் புதைந்த ஞானப் பல்லை அறுவை செய்து எடுத்தபின் முதல் சில மணி நேர வலியைத் தணிக்க உதவும். உதட்டில் மரப்பு 8 மணி நேரத்திற்கும் மேலாக இருக்கக்கூடுமாதலால், தம்மையறியாமல் உதட்டைக் கடித்துக்கொள்ளும் சிறுவர்களுக்கு இது ஏற்றதன்று.

இதய நோயாளிகள் கவனத்திற்கு

சிலர் இதய நோய் இருப்பதை எங்களிடம் மறைத்துவிடுகின்றனர். சொன்னால் பல் பிடுங்க மறுத்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். நோய் கட்டுப்பாட்டில் இருப்போருக்கு அட்ரினலினை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை, 0.04 மில்லிகிராம் என்னும் எல்லைக்குள், மெதுவாகச் செலுத்துகிறோம். மரப்பு போதாமல் வலி ஏற்பட்டால், உடலே அட்ரினலினை மிகுதியாகச் சுரந்து இதயத்திற்குச் சுமையாகிவிடும். ஆகவே "அட்ரினலின் இல்லாத ஊசி" எல்லோருக்கும் பாதுகாப்பானது என்று கருத இயலாது. ஆனால் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்குச் சிகிச்சையைத் தள்ளிவைக்க நேரலாம். புரோப்ரனோலால் போன்ற மாத்திரை உட்கொள்வோருக்கு அட்ரினலினின் அளவைக் குறைக்க வேண்டும். மறைத்துவிட்டால் இந்த முன்னெச்சரிக்கைகள் எதற்கும் வழியில்லாமல் போகும்.

"சென்ற முறை ஊசி வேலை செய்யவில்லை"

பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்திருந்தால் அத்திசுவில் அமிலத்தன்மை மிகுந்திருக்கும். அமிலச் சூழலில் மருந்து நரம்பினுள் நுழைவது கடினம். மருந்தை மாற்றினாலும் இக்குறை முழுவதும் நீங்காது. அத்தகைய நிலையில், வீக்கத்திற்கு அப்பாலுள்ள நரம்பில் ஊசி போடுகிறோம். அல்லது முதலில் சீழை வெளியேற்றுகிறோம். முகம் வீங்கும்வரை வலி மாத்திரையால் நாளைக் கடத்தாமல் வருவதே வலியின்றிப் பல் எடுக்க எளிய வழி.

ஊசி போட்டதும் படபடப்போ மயக்கமோ வந்தால் "எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது" என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது அச்சத்தாலோ அட்ரினலினாலோ வருவது. லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆயினும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை முன்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

குழந்தையின் எடை ஏன் தேவை?

அட்ரினலின் கலவாத லிக்னோகெயினுக்கு உச்ச அளவு, கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 66 மில்லிகிராம்; அதாவது 2 விழுக்காடு மருந்தில் 3 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும் அளவு. பெரியவருக்குச் சிறிதாகத் தோன்றும் அளவே குழந்தைக்கு எல்லையாகிவிடுகிறது. எடை பார்க்காமல் ஊசி போடக் கூடாது என்பது இதனால்தான்.

வீடு திரும்பியபின்

மரப்பு நீங்கும்வரை சூடான காபியும், மென்று உண்ணும் உணவும் வேண்டாம். குழந்தை உதட்டையோ கன்னத்தையோ கடிக்காதவாறு அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பரிந்துரைத்த வலி மாத்திரையை மரப்பு முழுவதும் நீங்குமுன்பே கொடுத்தல் நன்று. மேற்பல்லுக்கு ஊசி போட்டபின் கண்ணின் கீழ்ப்புறம் மரத்திருந்தால் அஞ்ச வேண்டாம். அது சில மணி நேரத்தில் மறையும்; பல் எடுப்பதால் கண் பார்வை குறையாது. மறுநாளும் உணர்வு திரும்பாவிட்டால் எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்.

அடுத்த முறை வரும்போது, நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு கொண்டுவாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். எந்த ஊசி நல்லது என்று எங்களைக் கேளுங்கள். அதற்கு முன், உங்கள் உடல்நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்ற மருந்தை அதைக் கொண்டுதான் நாங்கள் முடிவு செய்கிறோம்.