வெற்றுக் கட்டங்களின் அரசியல்

'உலகச் சராசரி வெப்பநிலை' என்று ஒன்றை எந்த வெப்பமானியும் காட்டியதில்லை. அது கட்டப்படுவது. பூமியை 5 பாகைக்கு 5 பாகை கட்டங்களாக அறுத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கிடைக்கிற அளவுகள் தத்தம் பழைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்து, அந்த விலகல்களைச் சராசரியாக்குகிறார்கள். நிலையமே இல்லாத கட்டத்தை என்ன செய்வது? வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரிட்டனின் ஹாட்லி மையமும் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகமும் தயாரித்த ஹேட்கிரட் நான்காம் பதிப்பு அத்தகைய கட்டங்களை வெறுமையாக விட்டது. பூமிப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. தெரியாததைத் தெரியாது என்பதுதானே நேர்மை? ஆனால் கட்டத்தை விட்டுவிட்டுச் சராசரி எடுக்கும்போது, விடுபட்ட இடமும் மற்ற இடங்களைப் போலத்தான் சூடாகிறது என்று சொல்லாமல் சொன்னதாகிவிடுகிறது. மௌனமும் ஒரு ஊகம்தான். விடுபட்டதில் முக்கியமானது ஆர்க்டிக்: உலகிலேயே வேகமாகச் சூடாகிவரும் பகுதி. கூடவே அண்டார்க்டிகா, ஆப்பிரிக்காவின் சில பகுதிகள்.

இதைப் புள்ளியியல்காரர்களின் உள்வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 2013இல் ஐ.பி.சி.சி. அறிக்கை, 1998–2012 காலத்தின் உயர்வைப் பத்தாண்டுக்கு 0.05 பாகை செல்சியஸ் என்றது, 1951–2012க்கு 0.12. 'வெப்பமாதல் நின்னுபோச்சு' என்ற கதையாடல் இதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதே ஆண்டு கெவின் கௌட்டனும் ராபர்ட் வேயும் அண்டை அளவுகளையும் செயற்கைக்கோள் பதிவுகளையும் கொண்டு வெற்றுக் கட்டங்களை நிரப்பிப் பார்த்தார்கள். 1997–2012க்கான போக்கு சுமார் இரண்டரை மடங்காயிற்று. (மந்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, 1998 ஒரு கடும் எல் நினோவின் உச்சம்.) 2020இல் வெளியான ஹேட்கிரட் ஐந்தாம் பதிப்பு, நிரப்பியது, நிரப்பாதது என இரண்டு வடிவத்தையும் தருகிறது.

நிரப்புவது மட்டும் யோக்கியமா? நாசாவின் ஹான்சனும் லெபெடெஃபும் 1987இல், நிலையங்களின் விலகல்கள் 1200 கிலோமீட்டர் வரைகூட ஓரளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டினார்கள். நடு, உயர் அட்சங்களில் இந்த உறவு வலுவானது, வெப்பமண்டலத்தில் நோஞ்சான். ஆர்க்டிக்குக்குச் சரிப்பட்டது காங்கோவுக்குச் சரிப்படும் என்று இல்லை. கிழக்கு ஆங்கிலியாவின் இன்னொரு தொகுப்பான சி.ஆர்.யு. டி.எஸ்., எட்டுகிற தூரத்தில் நிலையம் இல்லாவிட்டால் நீண்டகாலச் சராசரியையே அந்தக் கட்டத்தில் எழுதிவிடுகிறது. விவரம் தெரியாமல் எடுத்தவர் 'இங்கே ஒன்றும் மாறவில்லை' என்று வாசிப்பார். எத்தனை நிலையங்கள் பங்களித்தன என்ற எண்ணிக்கையும் கூடவே தரப்படுகிறது. அதைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

நாலு தொகுப்புகள் ஒத்துப்போகின்றனவே என்று சமாதானம் சொல்வார்கள். நாலும் பெரும்பாலும் அதே நிலையங்களின் பதிவுகளைத்தான் தின்கின்றன; ஒரே சாட்சியை நாலு தடவை கூண்டில் ஏற்றிய மாதிரி. வெளிச்சாட்சி வேண்டும்: கணக்கில் சேராத நிலையம், பனிப்பரப்பில் மிதக்கும் மிதவை. அது கிடைக்காதபோது, இருக்கிற நிலையங்களில் சிலவற்றை மறைத்துவைத்து முறை அவற்றைச் சரியாக ஊகிக்கிறதா என்று பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறைத்தால் பக்கத்து நிலையமே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். மத்திய ஆப்பிரிக்காவுக்கான சோதனை என்றால், அங்குள்ள வெற்றிடம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு நிலையங்களைக் கூட்டமாக மறைக்க வேண்டும்.