சாறு மட்டும் போதாது, துண்டும் வேண்டும்!
காரமான மாட்டுக்கறி நூடுல்ஸ் சூப் – வீட்டிலேயே செய்யலாம்



நூடுல்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கச் சொல்லும் மசாலா பாக்கெட்தான். ஆனால் சீன மக்களில் பலருக்கு, அதிலும் வட சீனத்தில் உள்ளவர்களுக்கு, நூடுல்ஸ் என்பது நமக்குச் சோறு மாதிரி. கோதுமை மாவைப் பிசைந்து, தேய்த்து, நீளமாக வெட்டி வேகவைப்பார்கள். அதன் மேல் மெத்தென்று வெந்த மாட்டுக்கறித் துண்டுகளை வைத்து, காரசாரமான சாறை ஊற்றிச் சாப்பிட்டால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது.

இந்த இதழில் அந்த சூப்பை வீட்டில் செய்யும் முறையைச் சொல்கிறோம். கூடவே, கிண்ணத்தில் யாருக்கு எத்தனை துண்டு கறி என்பதையும் பேசப் போகிறோம். நமக்கு அது ரொம்ப முக்கியமான விஷயம்.

இந்த சூப் எங்கே பிறந்தது?

இதன் ருசி சீனாவின் சிச்சுவான் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் இப்போது உலகம் முழுக்கத் தெரிந்த காரமான சூப் பிறந்த இடம் தைவான் தீவு. 1949-ஆம் ஆண்டு சீனாவில் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, தோற்ற அரசும் அதன் படைவீரர்களும் குடும்பங்களுமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டி தைவானுக்கு வந்தார்கள். சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் பல பேர். திரும்பவே முடியவில்லை. படைவீரர் குடும்பங்களுக்கென்று கட்டிய நெருக்கமான குடியிருப்புகளிலேயே வாழ்க்கை ஓடியது.

ஊர் போனாலும் நாக்கு ஊர் ருசியை மறக்குமா? சிச்சுவானில் ஒரு வகை அவரை இனப் பருப்பையும் மிளகாயையும் உப்புப் போட்டு, மண் ஜாடியில் மாதக்கணக்கில் புளிக்க வைத்து ஒரு விழுது செய்வார்கள். காவ்ஷியுங் நகரத்தை அடுத்த காங்ஷான் என்ற ஊரில் இருந்த குடும்பங்கள், கிடைத்த பொருளை வைத்து அந்த விழுதை மறுபடி செய்தார்கள். அதில் மாட்டுக்கறியை வேகவைத்ததுதான் இந்த சூப்பின் ஆரம்பம் என்று சொல்லப்படுகிறது. 1950-களில் அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவு நிறைய வந்தது, அதில் நூடுல்ஸ் போட்டார்கள். வருமானம் போதாத குடும்பங்கள் தெருவோரம் கடை வைத்து விற்றன.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தைவான் விவசாயிகளில் பலர் மாட்டுக்கறி சாப்பிட மாட்டார்கள். ஏர் உழும் மாடு வீட்டு ஆள் மாதிரி என்ற எண்ணம்தான் காரணம். வயதானவர்கள் சிலர் இன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் காலப்போக்கில் இந்த சூப் அந்தத் தீவின் பெருமையாகிவிட்டது. 2005-இல் தைபே நகராட்சி இதற்கென்று தனித் திருவிழாவே நடத்தத் தொடங்கியது.

ஒரே கடை, இரண்டு விலை

தைவானில் இந்த சூப்பின் பெயர் 'நியூ ரோ மியன்'. நியூ என்றால் மாடு, ரோ என்றால் கறி, மியன் என்றால் நூடுல்ஸ். அங்கே பல கடைகளின் விலைப் பலகையில் இதற்குப் பக்கத்தில் 'நியூ ரோ தாங் மியன்' என்று இன்னொன்றும் இருக்கும். தாங் என்றால் சாறு. அதாவது அதே நூடுல்ஸ், அதே சாறு, ஆனால் கறித்துண்டு கிடையாது. விலையும் குறைவு. கையில் காசு கம்மியாக இருப்பவர்கள் அதை வாங்கிச் சாப்பிடுவார்கள்.

சாறு வேறு, கறி வேறு என்பது கடைக்காரருக்குத் தெரிகிறது. அதனால்தான் இரண்டு விலை. இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கறி எடுக்கும் நாளில் குழம்பில் கிடக்கும் துண்டுகள் யார் தட்டுக்குப் போகின்றன? முதலில் வீட்டுக்காரருக்கு, பிறகு மகனுக்கு, மருமகனுக்கு, பிள்ளைகளுக்கு. கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடும் நமக்கு மிஞ்சுவது குழம்பும், நாலு வெங்காயமும்தான். கேட்டால், "சாறுலதான் சத்தெல்லாம் இறங்கியிருக்கு, எனக்கு அது போதும்" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

இது உண்மையா? இல்லைங்க. சாறில் ருசியும் உப்பும் கொழுப்பும் இறங்கும். ஆனால் ரத்தம் ஊற உதவும் இரும்புச்சத்தில் பெரும்பகுதி கறித்துண்டிலேயேதான் நிற்கிறது. உடம்பை வளர்க்கும் புரதமும் அப்படித்தான். எலும்பு சூப்பும் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு.

2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். பத்து பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஐந்து பேருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, களை எடுக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது, எப்போதும் அசதி – இதெல்லாம் "பொம்பளைன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை.

2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அளவின்படி, ஒரு நாளைக்கு ஆணுக்குத் தேவையான இரும்புச்சத்து 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம். மாதவிலக்கில் ரத்தம் போவதால் நமக்குத்தான் அதிகம் வேண்டும். ஆனால் நம் தட்டில்தான் குறைவாக விழுகிறது. கறியில் உள்ள இரும்புச்சத்தைக் கீரை, பருப்பில் உள்ளதைவிட உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள்.

தேவையான பொருட்கள் (5 பேருக்கு)

மாட்டுக்கறி – 1 கிலோ. முழங்காலுக்குக் கீழே உள்ள, நடுவில் ஜவ்வு ஓடும் கறியாகக் கேட்டு வாங்குங்கள்.
காய்ந்த மிளகாய் – 10 (காரம் குறைவாக வேண்டுமென்றால் 6)
வெந்த மொச்சை – 2 கரண்டி
பெரிய வெங்காயம் – 2, தக்காளி – 3
இஞ்சி – 2 விரல் நீளம், பூண்டு – 10 பல்
அன்னாசிப்பூ – 2, பட்டை – 1 துண்டு, மிளகு – 1 டீஸ்பூன், சோம்பு – அரை டீஸ்பூன்
சோயா சாஸ் – 4 டேபிள்ஸ்பூன்
வெல்லம் அல்லது சர்க்கரை – 1 டேபிள்ஸ்பூன்
எண்ணெய் – 3 டேபிள்ஸ்பூன்
மைதா அல்லது கோதுமை மாவு – அரை கிலோ
தண்டுக்கீரை அல்லது முட்டைக்கோஸ், கொத்தமல்லி, எலுமிச்சம்பழம்

சிச்சுவான் விழுது பெரிய ஊர்க் கடைகளில்தான் கிடைக்கும். கிடைத்தால் 2 டேபிள்ஸ்பூன் போடுங்கள், மிளகாயையும் மொச்சையையும் விட்டுவிடலாம். கிடைக்காதவர்களுக்காகத்தான் இங்கே மிளகாயும் மொச்சையும் சொல்லியிருக்கிறோம். அச்சு அசலாக அதே ருசி வராது, ஆனால் பக்கத்தில் வரும். நாக்கை மரத்துப்போக வைக்கும் ஒரு வகை மிளகும் அங்கே சேர்ப்பார்கள், நமக்கு நம்ம ஊர் மிளகு போதும். பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ மட்டும் அசல் சரக்கு. அது தென் சீனாவிலும் வியட்நாமிலும் வளரும் மரத்தின் காய்தான்.

செய்முறை

1. கறியைக் கழுவி 25 துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டு ஏறக்குறைய 40 கிராம் வரும். வேகும்போது சுருங்கும் என்பதால் சின்னதாக வெட்டிவிடாதீர்கள். துண்டுக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பிறகு சொல்கிறோம்.

2. கறி மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் 3 நிமிடம் விடுங்கள். மேலே அழுக்கு நுரை பொங்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கறியை வெந்நீரில் அலசி எடுங்கள். சாறு கலங்காமல், கவிச்சி வாடை இல்லாமல் இருப்பதற்கு இதுதான் வழி.

3. மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, மொச்சையோடு சேர்த்து அரையுங்கள். அரைத்ததை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். புளிக்கட்டும் என்று எடுத்து வைக்காதீர்கள், கெட்டுப்போகும்.

4. குக்கரில் எண்ணெய் விட்டு இஞ்சி, பூண்டு, வெங்காயத்தை வதக்குங்கள். மிளகாய் விழுதைப் போட்டு, தீயைக் குறைத்து, எண்ணெய் சிவந்து பிரியும்வரை கிளறுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கருகிக் கசக்கும். பிறகு தக்காளியும் வெல்லமும் போட்டு வதக்குங்கள்.

5. கறி, சோயா சாஸ், அன்னாசிப்பூ, பட்டை, மிளகு, சோம்பு எல்லாவற்றையும் போட்டு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 30 நிமிடம் வையுங்கள். சட்டியில் வைத்தால் மூடி போட்டு, சிறு தீயில் இரண்டரை முதல் 3 மணி நேரம் ஆகும். ஜவ்வுள்ள கறி முதலில் ரப்பர் மாதிரி இருக்கும். சிறு தீயில் நிதானமாக வெந்தால் ஜவ்வு கரைந்து சாறில் கலந்து, கறி மெத்தென்று ஆகிவிடும்.

6. ஆவி அடங்கியதும் திறந்து, ஒரு லிட்டர் வெந்நீர் சேர்த்து 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். ருசி பார்த்த பிறகுதான் உப்பு. சோயா சாஸிலேயே உப்பு அதிகம்.

7. நூடுல்ஸுக்கு மாவில் ஒரு டீஸ்பூன் உப்பு சேர்த்து, சுமார் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவைவிட இறுக்கமாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பெரிதாகத் தேய்த்து, மாவு தூவி மடித்து, கத்தியால் நீளமாக வெட்டி உதறுங்கள். கோதுமை மாவென்றால் கொஞ்சம் உடையும், பரவாயில்லை.

8. நூடுல்ஸைக் கொதிக்கும் தண்ணீரில் தனியாகத்தான் வேகவைக்க வேண்டும். சூப்பிலேயே போட்டால் மாவு கரைந்து கூழாகிவிடும். 3 நிமிடத்தில் வெந்துவிடும். அதே தண்ணீரில் கீரையையும் லேசாக வேகவைத்து எடுங்கள்.

பரிமாறுவதில்தான் விஷயமே இருக்கு

தைவான் கடையில் சூப்பை அண்டாவில் இருந்து அப்படியே ஊற்ற மாட்டார்கள். ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து நூடுல்ஸ், கறி, கீரை, சாறு என்று வரிசையாக வைப்பார்கள். நாமும் அப்படியே செய்வோம். ஐந்து பேர் என்றால் ஐந்து கிண்ணத்தையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். 25 துண்டு கறி, கிண்ணத்துக்கு 5 துண்டு. மேலே கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழியுங்கள். கீரை, மாவு இவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள எலுமிச்சையின் புளிப்பும் உதவும்.

நம் கிண்ணத்தையும் சேர்த்துத்தான் ஐந்து. அதை எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை, யாருக்கும் குறைக்க வேண்டியதும் இல்லை. எண்ணிப் போட்டால் யார் பங்கு எங்கே போகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். குழுவில் சேமிப்புப் பணத்தை எல்லோர் முன்னாலும் எண்ணித்தானே வாங்குகிறோம்? அதே பழக்கம் அடுப்படிக்கும் வரட்டும். மகளுக்கும் மகனுக்கும் ஒரே எண்ணிக்கை போடுங்கள். பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

* 5 துண்டுக் கறியில் கிடைப்பது ஏறக்குறைய 4 மில்லிகிராம் இரும்புச்சத்துதான். மீதிக்குத் தினமும் கீரை, பயறு, கேழ்வரகு, கம்பு வேண்டும். நர்ஸ் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
* சாப்பிட்டவுடன் டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும்.
* ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் சோயா சாஸைப் பாதியாகக் குறைத்து, சாறை முழுதும் குடிக்காமல் கறியையும் கீரையையும் சாப்பிடுங்கள்.
* சிவப்புக் கறியைத் தினமும் சாப்பிடுவது நல்லதல்ல. வாரம் ஒரு முறை போதும்.
* மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் சாறு ஜெல்லி மாதிரி உறையும். அது கெட்டுப்போனதல்ல, கரைந்த ஜவ்வுதான். நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாம்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு

நம் குழுக்களில் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களும் இருக்கிறோம், சாப்பிடாதவர்களும் இருக்கிறோம். சாப்பிடுகிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, சாப்பிடாதவர்களை யாரும் வற்புறுத்தவும் கூடாது. இதே முறையில் ஆட்டுக்கறியோ நாட்டுக்கோழியோ போட்டுச் செய்யலாம். சைவமென்றால் காளானும், ஊறவைத்துப் பிழிந்த மீல் மேக்கரும் போடுங்கள். வேகும் நேரம் மட்டும் குறையும். எதைப் போட்டாலும் கிண்ணத்தை எண்ணிப் போடும் விதி ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

1. கடைசியாகக் கறி சமைத்த அன்று உங்கள் தட்டில் எத்தனை துண்டு விழுந்தது?
2. உங்கள் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவா?
3. குழுவில் எத்தனை பேர் ரத்தப் பரிசோதனை செய்து, தங்கள் ஹீமோகுளோபின் அளவைத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்? தெரியாதவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் தேதியை அன்றே முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.